எதை மிதிச்சே, சுப்பு?

எங்க வூட்டுக்காரர் பேரு சுப்புராயன். மந்தைவெளி பக்கம் கால்வாய் ஓரமா நாங்க கீறோம். டிரைவர் சுப்பு வூடு எதுன்னு கேட்டா எங்க ஏரியால யாரு வேணா கை காட்டுவாங்க. வாய் அதிகம் கிடையாது அந்த ஆளுக்கு. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிடுவேன். இந்தக் கதையும் நான்தான் சொல்ல வேண்டிகீது. அவரு கைல கேட்டீங்கன்னா "இன்னா கீது சொல்றதுக்கு"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சுட்டு பீடி பத்த வெச்சுக்குவாரு.

மயிலாப்பூர்ல வெங்கடரமணன் சார் வூட்ல அம்பாசடர் ஓட்டினாரு. சாருக்கு கப்பல் கம்பெனில பெரிய வேலை. சார் சம்சாரம் விசாலாக்ஷி மாமி. நானும் அதே வூட்லதான் பாத்திரம் தேய்ச்சு, துணி துவைச்சுக்கினு இருந்தேன். அதனால இது யாரோ சொல்லிக் கேட்டது இல்ல, என் கண்ணால பாத்தது. அந்த அம்பாசடர இவரு வெச்சுக்கினு இருந்த அழகு இருக்கே, என்னைக்கூட அப்படி வெச்சுக்கல! காலைல தொடைச்சு, இஞ்சின் சத்தத்துக்கு காது குடுத்து, சாயந்தரம் ஷெட்ல விட்டதும் பானெட்ட தொறந்து பேட்டரி வயர கழட்டி ஓரமா வளைச்சு வெச்சுட்டுத்தான் சாவிய மாமி கைல குடுப்பாரு. ஒரு தபா ஷெட்டுக்குள்ள நிக்கும்போதே வயர் உரசி பொகைஞ்சு போச்சு. அதுலேந்து அந்தப் பழக்கம். சார் அதை நாலு பேர் முன்னாடி சொல்லி மெச்சிக்குவாரு. "சுப்பு இருக்கற வரைக்கும் எனக்கு வண்டியப் பத்தி கவலையே இல்ல"ம்பாரு.

நடுவுல சாருக்கு சிங்கப்பூர்ல வேலை. அம்பாசடர வித்துட்டு போய்ட்டாங்க. இவரு கொஞ்ச காலம் டாக்ஸி ஓட்டினாரு. தொண்ணூத்தஞ்சுல சார் ரிட்டையர் ஆகி வந்தப்போ கப்பல்ல ஒரு வெள்ளைக் காரையும் ஏத்திக்கினு வந்தாரு. ஜப்பான் கார். கிளட்ச் கிடையாது, கியர் தானா மாத்திக்கும், கீழ பாத்தா ரெண்டே பெடல். சார் ஆள் அனுப்பி இவரைத்தான் கூப்ட்டாரு. நானும் பழையபடி அங்கயே வேலைக்குப் போனேன். "இடது காலுக்கு வேலையே இல்ல ஜோதி, அத்த வூட்லயே வுட்டுட்டுப் போவட்டுமா"ன்னு கேட்டாரு இந்த மனுஷன். தமாஷே பண்ணாத ஆளு. அவ்ளோ சந்தோஷம். விடிகாலைல பட்டினப்பாக்கம் ரோட்டுல ஓட்டி ஓட்டிப் பழகிக்கினாரு.

கொஞ்ச மாசம் போச்சு. ஒரு நாள் வந்து சொன்னாரு, சிக்னல்ல நின்னு கிளம்பினா இஞ்சின் ஒண்டி கத்துது, வண்டி நவுரலன்னு. அப்பால திடீர்னு கியர் புடிச்சுக்கினு ஒரு குதி குதிக்குதாம். சார் கைல சொன்னாரு. சாரும் கிண்டில ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினாரு.

அந்த மாதிரி கார்ல ஒரு வித்தை கீது. பானெட்டுக்குள்ள ஒரு சின்ன டப்பா, அதுல ரெண்டு ஓட்டை. அதுல வயர் துண்ட சொருகி சாவிய போட்டா, முன்னாடி ஸ்டீரிங் கிட்ட ஒரு விளக்கு சிமிட்டும். வண்டில இன்னா கோளாறு வந்துச்சோ அத்த வண்டி மூளைல நம்பரா எழுதி வெச்சுக்குமாம், கேட்டா சிமிட்டிக் காட்டுமாம். ஆறு சிமிட்டு சிமிட்டி, நின்னு, அப்பால ஒண்ணு சிமிட்டினா அறுபத்தொண்ணு. எந்த நம்பர் எந்த கோளாறுன்னு மெக்கானிக்குத் தெரியும். கோளாறே இல்லன்னா நடுவுல நிக்காம ஒரே சீரா சிமிட்டிக்கினே இருக்கும். இவரு காலைல வண்டிய எடுத்துக்கினு போனாரு. சீரா சிமிட்டிச்சு. அடுத்த மாசமும் வண்டி மக்கர் பண்ணுச்சு, மறுநாள் காலைல போனாரு, சீரா சிமிட்டிச்சு. மூணாவது தபா போனப்போ அங்க இருந்த ஆளுங்க இவரைப் பாத்து சிரிச்சாங்களாம்.

சார் ஒண்ணும் கத்தல. காப்பி குடிச்சுக்கினே சொன்னாரு. "சுப்பு, வண்டி நன்னா இருக்குன்னு வண்டியே சொல்றது. நீதான் பழைய ஞாபகத்துல ரெண்டு காலையும் வெச்சு மிதிக்கறே போலிருக்கு."

இவரு தலைய ஆட்டிட்டு வந்துட்டாரு. எனக்குத்தான் பத்திக்கினு வந்துச்சு. "இன்னாய்யா, அவரு சொல்றாரு, நீ மாடு மாதிரி தலைய ஆட்டற"ன்னேன். பீடிய பத்த வெச்சுக்கினாரு.

மறு வருஷம் மழைக்காலம். மாமி பெசன்ட் நகர்ல தங்கச்சி வூட்டுக்குப் போய்ட்டு திரும்பி வராங்க, தூறிக்கினு கீது. அடையாறு பாலத்து மேல முன்னாடி போன பஸ் நின்னுச்சு, இவரும் நின்னாரு. பஸ் கிளம்பிச்சு. இவரு மிதிச்சா வண்டி நவுரல. பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிக்கறான். இன்னும் கொஞ்சம் மிதிச்சாரு. புடிச்சுது பாரு, ஒரே பாய்ச்சல். பாலத்து கைப்பிடி சுவத்துல போய் மோதிச்சு. பின் சீட்ல குந்திக்கினு இருந்த மாமி முன்னாடி வந்து வுழுந்தாங்க. இடது தொடை எலும்பு முறிஞ்சு போச்சு.

மாமிய ஆட்டோல ஏத்தி ஆஸ்பத்திரில சேத்துட்டு, திரும்ப பாலத்துக்கு ஓடினாரு. பத்திக்கிச்சுன்னா இன்னா பண்றதுன்னு, நசுங்கின பானெட்ட நெம்பித் தொறந்து மொத வேலையா பேட்டரி வயர கழட்டினாரு. அப்பால வண்டிய இழுத்துக்கினு போய் ஒர்க்‌ஷாப்புல பாத்தாங்க. விளக்கு சீராத்தான் சிமிட்டிச்சு.

அப்போ ஆரம்பிச்சுது அந்தக் கேள்வி. சார் கேட்டாரு, போலீஸ் கேட்டுச்சு, மாமியோட தம்பி, மச்சினர், அடுத்த வூட்டு ஆளுங்க, எல்லாரும் கேட்டாங்க. எதை மிதிச்சே, சுப்பு? பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டர மிதிச்சுட்டியா? மொதல்ல இவரு தெளிவாத்தான் சொன்னாரு. "நவுரலன்னு ஆக்சிலேட்டர மிதிச்சேன், பாஞ்ச ஒடனே பிரேக்க மிதிச்சேன்." கேட்டவங்க தலைய சாய்ச்சு ஒரு மாதிரி பாப்பாங்க. திரும்ப கேப்பாங்க. பத்து பேர் கேட்டதுக்கு அப்பால "பிரேக்குன்னுதான் நினைக்கறேன்"னாரு. இன்னும் கொஞ்ச நாள் போனதும் "தெரில சார்"னாரு.

"யோவ், தெரிலன்னு சொல்லாதய்யா! உன் காலு, உனக்குத் தெரியாம எவனுக்குத் தெரியும்?"னு வூட்ல வந்து கத்தினேன். அவரு தன் வலது கால நீட்டிப் போட்டுக்கினு, அத்தையே பாத்துக்கினு குந்தியிருந்தாரு. வேற யாரோட காலையோ பாக்கற மாதிரி.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிக்கினு போனாரு. மாமி கட்டில் பக்கத்துல நின்னு, "என் தப்புதான் மாமி, மன்னிச்சுடுங்க"ன்னாரு. நான் ஆடிப் போய்ட்டேன். மாமிக்கு கண்ணுல தண்ணி. நல்ல மனசு அவங்களுக்கு, அத்த நான் இல்லன்னு சொல்லவே மாட்டேன். "போறது சுப்பு. வேணும்னா பண்ணினே? மன்னிச்சுட்டேன், போ"ன்னாங்க. சார் சொன்னாரு, "வண்டிய மட்டும் இனிமே ஓட்டாதே. மத்தபடி ஆத்துல கூடமாட இரு, எங்கயும் போகவேண்டாம்."

கேஸும் பெருசா போகல. கோர்ட்டுல ஃபைன் கட்டினதோட முடிஞ்சுது. எல்லாரும் சார் குடும்பத்தப் புகழ்ந்தாங்க. மாமியப் பாக்க வரவங்க கைலலாம் சார் சொல்லுவாரு. "அவனை மன்னிச்சு ஆத்துலயே வெச்சுண்டிருக்கோம்." வந்தவங்க "இந்த மனசு யாருக்கு வரும்"பாங்க. இவரு அங்கயேதான் தோட்டத்துக்கு தண்ணி வுட்டுக்கினு நிப்பாரு. காதுல வுழுமா வுழாதான்னு யாரும் பாக்கல. வுழுந்தாலும் முகத்துல ஒண்ணும் தெரியாது.

அந்த ஒரு வருஷம் நான் ஒரு கட்டையோட குடித்தனம் பண்ணேன். சோறு போட்டா சாப்டுவாரு. குழம்புல உப்பு போட மறந்துட்டேன் ஒரு நாள், நான் வாயில வெச்சப்பறம்தான் தெரிஞ்சுது, அவரு முழுசா சாப்ட்டு கைய கழுவிட்டாரு. வெந்நீர் கால்ல கொட்டிச்சு, கத்தக்கூட இல்ல. லஸ் கார்னர்ல ரோட்டக் கிராஸ் பண்ண நின்னாருன்னா பஸ்ஸெல்லாம் போய் காலியான அப்பறமும் நிப்பாரு. நான் கைய புடிச்சு இழுக்கணும். திட்டிப் பாத்தேன், அழுது பாத்தேன். எனக்கே ஒரு கட்டத்துல வுட்டுப் போச்சு. வாரத்துக்கு ரெண்டு வார்த்தை பேசினா அதிகம். இவரா, வண்டியா, எது தப்பு பண்ணுச்சு? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு எனக்கு. தெரிஞ்சுக்க வழியே இல்ல.

கார ரிப்பேர் பண்ணி கொண்டாந்தாங்க. வெளில போகணும்னா நாள் கூலிக்கு ஒரு ஆக்டிங் டிரைவர் வருவாரு. ஓட்டத்தான் கூடாது, தொடைக்கறதும் சாயந்தரம் வயர கழட்டி காலைல மாட்றதும் இவருக்கேதான். அத்த ஒண்டி யாரும் வேணாங்கல.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் தி. நகர்ல பனகல் பார்க் கிட்ட அந்த ஆக்டிங் டிரைவருக்கு வண்டி நின்னு போச்சு. இஞ்சின் கத்துது, வண்டி நவுரல. அவரு வந்து ஒரே ஒரு தபா சொன்னாரு. சார் ஒடனே ஃபோன் எடுத்துட்டாரு! பழைய சோறு மாதிரி ஒதுக்கி வெச்ச பேச்ச, இன்னொருத்தன் சொன்னா கேக்கறாங்களே.

உஸ்மான் ரோடு பக்கம் சந்துல உமர் ஃபாரூக்னு ஒரு பாய். வெளிநாட்டு வண்டிக்கு எலக்ட்ரிக் வேலை பாக்கறவரு. மறுநாள் காலைல வந்தாரு. பாலத்துல மோதின கதையையும் சார் அவர் கைல சொன்னாரு. சிடுமூஞ்சி. வயர் துண்ட சொருகினாரு, விளக்கப் பாத்தாரு. சீரா சிமிட்டிச்சு. "இதுல ஒண்ணும் பதியல சார்"னு சொல்லிட்டு கார் கதவ சாத்தப் போனாரு. சாத்தல. உள்ள எட்டிப் பாத்தாரு.

"இப்போ மணி பத்தரை. வண்டி கடிகாரம் ஏன் ஒண்ணே கால்னு காட்டுது?"

வராந்தால நாற்காலி போட்டு குந்தியிருந்த மாமி, "அது வந்த நாள்லேந்து தப்பாத்தான் காட்டிண்டிருக்கு"ன்னாங்க.

பாய் திரும்பினாரு. "பேட்டரிய யாரு கழட்டறது?"

"நான்தான் பாய். தெனம் கழட்டுவேன்"னாரு இவரு.

"அட அல்லா! பேட்டரிய கழட்டி மாட்டினா கடிகாரம் திரும்ப ஒண்ணுலேந்து ஓடும், இது மூளைல எழுதி வெச்சதெல்லாமும் அழிஞ்சு போய்டும்யா. ராத்திரி நீ அழிச்சுட்டு காலைல காட்டினா எந்த மெக்கானிக் வந்தாலும் வண்டி நல்லாகீதுன்னுதான் சொல்லுவான். இன்னிக்கு அதுல கைய வெக்காதே."

அன்னிக்கு முழுக்க ஆக்டிங் டிரைவர் வெயில்ல வண்டிய சுத்தினாரு. ரெண்டு தபா நவுராம நின்னு கத்துச்சாம். வயர யாரும் தொடல. அடுத்த நாள் பாய் வந்து சாவிய போட்டாரு. நான் சோப்புக் கையோட வந்து நின்னு எண்ணினேன். ஆறு. நின்னுச்சு. ஒண்ணு. திரும்ப ஆறு. நின்னுச்சு. ஒண்ணு.

பாய் வண்டிக்கு அடில பூந்து கொஞ்ச நேரம் கழிச்சு கரியா வெளில வந்தாரு. "கியர் பெட்டில எண்ணெய அழுத்தறதுக்கு ஒரு பம்ப் கீது சார். எவ்ளோ அழுத்தம் வேணும்னு வண்டி மூளை முடிவு பண்ணணும்னா, வேகத்த அளந்து சொல்ற சென்சார் ஒழுங்கா பேசணும். அதோட வயர் இரும்புல உரசி பாதி அறுந்துகீது. சூடானா தொடர்பு வுட்டுப்போவும். அழுத்தம் போய்டும், வண்டி நவுராது. திடீர்னு தொட்டுக்கிச்சுன்னா மொத்த அழுத்தமும் வந்து பாயும்."

சார் மெதுவா கேட்டாரு. "இது எத்தனை நாளா இருக்கும்?"

"செம்பு பச்சை புடிச்சுகீது சார். நேத்து உரசினது இல்ல, வருஷக்கணக்கு. அந்த பாலத்து மேல நானே ஓட்டியிருந்தாலும் பாஞ்சிருக்கும்."

நான் எங்க வூட்டுக்காரரப் பாத்தேன். ரோஜாச் செடிக்கு தண்ணி வுட்டுக்கினு இருந்தாரு. அழுவாரு, இல்ல சிரிப்பாரு, ஏதாவது ஒண்ணு பண்ணுவாருன்னு பாத்தேன். தண்ணி செடிய வுட்டு வழிஞ்சு தரைல ஓடிச்சு.

சார் தொண்டைய கனைச்சாரு. "பாரு சுப்பு, நீயே தெனம் அழிச்சுண்டு இருந்திருக்கே"ன்னு லேசா சிரிச்சாரு. அப்பறம் சிரிப்ப நிறுத்திக்கினாரு.

மாமிக்கு மனசு தாங்கல. கைத்தடிய ஊனிக்கினு எழுந்து நின்னாங்க. "போறும் விடுங்கோன்னா. சுப்பு, நீ இதையே நினைச்சுண்டு மறுகாதே. நான்தான் உன்னை அன்னிக்கே மன்னிச்சுட்டேனே."

எனக்கு உச்சிக்கு ஏறிச்சு. நான் வாய தொறக்கறதுக்குள்ள இவரு கொழாய மூடிட்டு வராந்தா கிட்ட வந்தாரு.

"அது எனக்கு வேணாம் மாமி."

"எதுடா?"

"நீங்க குடுத்த மன்னிப்பு. செய்யாததுக்கு வாங்கிட்டேன். எடுத்துக்குங்க."

சத்தம் போட்டு சொல்லல. சாவிய திருப்பிக் குடுக்கற மாதிரிதான் சொன்னாரு. மாமி நின்னது நின்னபடி நின்னாங்க. சார் மூக்குக் கண்ணாடிய கழட்டித் தொடைச்சாரு. பாய் குனிஞ்சு வயரெல்லாம் சுருட்ட ஆரம்பிச்சாரு.

"ஜோதி, வா போலாம்"னாரு.

நான் கைய கழுவிக்கினு கிளம்பினேன்.