சிரித்தால் தெரிகிற ஆறு பல்

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்ற முத்தம்மாவுக்கு, வெற்றிலை மென்றே பல்லெல்லாம் செங்கல் நிறம். தொண்ணூற்று நான்காம் ஆண்டில், மகள் கல்யாணப் போட்டோவுக்காகப் பல்லைச் சுத்தம் செய்யப் போனாள். மயிலாப்பூர் பல் டாக்டர் எட்வின் முந்நூறு ரூபாய் கேட்டார்.

"இன்னா சார், முழு கொடுவா மீனையே பத்து ரூபாய்க்கு செதில் எடுத்து ஆஞ்சி குடுக்குறேன். சிரிச்சா தெரியற ஆறு பல்லு போதும், அறுவது வாங்கிக்கோ."

தொல்லை தாங்காமல் டாக்டர் ஆறை மட்டும் சுத்தம் செய்தார்.

அடுத்த ஞாயிறு அவரே முத்தம்மாவிடம் கொடுவா வாங்க வந்தார். ஆய்வதற்குப் பத்து ரூபாய் அநியாயம் என்று வாதாடி, ஐந்தாகக் குறைத்தார். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால் மீனின் ஒரு பக்கம் பளபளத்தது. மறுபக்கம் செதில் அப்படியே இருந்தது.

திரும்பி வந்து சத்தம் போட்டார்.

முத்தம்மா ஆறு பல்லும் தெரியச் சிரித்தாள். "தட்டுல வச்சா அடிப்பக்கத்த யாரு சார் பாக்கப்போறா?"