என் அடுப்பில் இருந்த ஈயம்

கல்யாணமாகி நான் முதன்முதலில் குடித்தனம் வைத்தது கூடாரத்தில். வேப்பனப்பள்ளிக்கு அப்பால், மாந்தோப்புகளைத் தாண்டி ஒரு பாறைக் கரடு. அங்கே பூமியைத் துளைத்து ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வந்த கூட்டத்தில் என் வீட்டுக்காரர் டிரில்லர். அறுபதுகளின் கடைசி அது. "பொண்ணைக் காட்டுல கொண்டுபோய்த் தள்ளிட்டாங்களே" என்று கிருஷ்ணகிரியில் சொந்தக்காரர்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கோ ஒரே குஷி. மாமியார் இல்லாத குடித்தனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு இளம் ஜியாலஜிஸ்ட். ஈயம் தனியாக இருக்காதாம். துத்தநாகமும் கொஞ்சம் வெள்ளியும் கூடவே ஒட்டிக்கொண்டு வருமாம். அவர் சொன்னதில் வெள்ளி என்ற சொல் மட்டும் சுற்றுவட்டாரமெல்லாம் பரவிவிட்டது. "சட்டி சட்டியா எடுக்கறாங்களாமே?" என்று பால் ஊற்ற வருகிறவர்கூட என்னிடம் கிசுகிசுப்பார்.

வைரம் பதித்த முனையோடு ஒரு குழாய் சுற்றிக்கொண்டே பாறைக்குள் இறங்கும். சூடு தணிய உள்ளே தண்ணீர் பாய்ச்சுவார்கள்; அது கலங்கலாகத் திரும்பி வந்து பக்கத்தில் வெட்டியிருந்த குழியில் தேங்கும். குழாயை மேலே இழுத்தால் அதன் வயிற்றுக்குள் கல் உருளை உருளையாக இருக்கும். அதற்குக் கோர் என்று பெயர். கோர் முழுசாக வந்தால்தான் கீழே இருப்பது என்னவென்று தெரியும். ஈயம் இங்கேதான் இருக்க வேண்டும் என்று ஜியாலஜிஸ்ட் கணக்குப் போட்டு வைத்திருந்த அதே ஆழத்தில், ஒரு நாள் காலையில் குழாய் வெறுமனே வந்தது.

மறுநாள் மத்தியானம் பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. அதற்கு முன்பு போட்ட துளைகளில் எதுவும் கிடைக்கவில்லை. முகாமையே மூடிவிடலாம் என்ற யோசனையில் இருந்தார் அவர். அதனால் அந்த வாரம் முழுக்க வேகம், வேகம் என்று டிரில்லருக்கு ஒரே விரட்டல். என் வீட்டுக்காரர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "கோரைத் தொலைச்ச டிரில்லரை எவன் சேர்த்துக்குவான்?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் இறங்கவில்லை.

விடிந்ததும் ஜியாலஜிஸ்ட் எங்கள் கூடாரத்துக்கு வந்தார். "கல்லு அங்க மிருதுவா இருந்திருக்கு. பொடிஞ்சு தண்ணியோட வெளிய வந்திருக்கணும். அந்தக் கலங்கல் குழியிலதான் படிஞ்சிருக்கும். போய்ப் பார்த்தா குழியை எவளோ சுத்தமா வழிச்சு எடுத்திருக்கா!"

எவளோ இல்லை, நான்தான்!

முந்தின நாள் சாயங்காலம், தண்ணீர் சுமக்க வரும் உள்ளூர்ப் பெண், "அக்கா, ஈ மட்டி சூடு! இன்னா மாரி மின்னுது!" என்று, மண்ணைப் பாரு என்பதைத் தெலுங்கிலும் மிச்சத்தைத் தமிழிலுமாகக் கூவி, குழியில் படிந்திருந்த மண்ணை அள்ளிக் காட்டினாள். சாம்பல் நிறம், வெண்ணெய்போல வழவழப்பு. அடுப்புப் போட இதைவிட நல்ல மண் கிடைக்குமா? இரண்டு பேருமாகக் கூடையில் அள்ளிவந்து, சாணம் சேர்த்துக் குழைத்து, புது அடுப்பே போட்டுவிட்டோம். அதன்மேல்தான் அப்போது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"சேசு மரி சூசை!" என்று அலறிக் குழம்பை இறக்கி வைத்தேன். கடப்பாரையை எடுத்து அடுப்பின்மேல் ஒரே போடு.

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று என் வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"இந்தாங்க சார் உங்க குழி மண்ணு!" என்றேன்.

ஜியாலஜிஸ்ட் என்னைத் திட்டவில்லை. கட்டிகளை நுணுக்கி, அகலமான இரும்புத் தட்டில் போட்டுத் தண்ணீரில் ஆட்டி ஆட்டி அலசினார். அரிசியில் கல் அரிப்பதுபோலத்தான். சாணம் போயிற்று, மண் போயிற்று. கடைசியில் தட்டின் அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கோடு நின்றது. வெயில் பட்டதும் பளிச்சென்றது. "ஈயம்மா! ஈயமேதான்!" என்று அந்தப் படித்த மனுஷர் தட்டோடு குதித்தார். நானும் குதித்தேன். தண்ணீர்க்காரப் பெண் எதற்கென்று தெரியாமலே குதித்தாள்.

மத்தியானம் வந்த அதிகாரி லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அடுப்புல எடுத்த சாம்பிள்னு சொன்னா ஊரே சிரிக்கும். பக்கத்துலயே இன்னொரு துளை போடுங்க. கோர் முழுசா வரணும். இந்தத் தடவையும் தொலைச்சா, முகாமும் கிடையாது, இந்த டிரில்லரும் கிடையாது" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "வேகமா போடு, வேகமா போடுன்னு விரட்டினா கல்லு பொடியாகாம இன்னா ஆகும்?" என்று கேட்டேவிட்டேன். என் வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போயிற்று. ஜியாலஜிஸ்ட்தான், "விரட்டினது நான்தான் சார்" என்றார். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, மெதுவாவே போடட்டும்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

மெஷினைச் சில அடி தள்ளி நிறுத்தினார்கள். அந்த ஆழத்தை நெருங்கவே வாரங்கள் ஆகிவிட்டன. நெருங்கியதும் என் வீட்டுக்காரர் தண்ணீரைக் குறைத்துச் சாண் சாணாக இறக்கினார். நான் சமையலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். குழாய் மேலே வந்தது. அதைக் கிடத்தியதும் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"நீயே பாரு. எனக்குத் தைரியமில்ல."

ஜியாலஜிஸ்ட் சுத்தியலால் குழாயை மெல்லத் தட்டினார். முதலில் வெறும் பாறை வந்தது. அதன் பின்னாலேயே, கருஞ்சாம்பல் நிறத்தில், உடம்பெல்லாம் மின்னிக்கொண்டு, முழ நீளத்துக்கு உடையாமல் வழுக்கி வந்தது ஈயக்கல். கத்த வேண்டுமென்று வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை. ஜியாலஜிஸ்டும் வாயைப் பிளந்தபடி நின்றார்.

எங்களிடமிருந்து சத்தமே வராததால், எல்லாம் போயிற்று என்று நினைத்துவிட்டார் என் வீட்டுக்காரர். ஸ்பேனரைக் கீழே போட்டார். அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "என்னை நம்பி வந்தியேடி" என்றார், திரும்பாமலே.

ஓடிப்போய் அந்த முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டேன். "திரும்பிப் பாருய்யா, முழுசா வந்திருக்கு!"