நான் எண்ணாமல் விட்ட மொட்டைகள்

திருப்பதியில் தெருவோரம் தங்குகிறவர்களைக் கணக்கெடுக்க ஓய்வுபெற்ற ஊழியர்களைக் கூப்பிட்டார்கள். முதல் ஆளாகப் போய் நின்றேன். சித்தூரில் வருவாய்த் துறையில் முப்பது வருடம் சர்வே பார்த்தவன் என்ற தலைக்கனம் எனக்கு இருந்தது. எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் என்று தெரிந்தால் அதற்கேற்ப அரசு இலவச விடுதி திறக்கும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய தெருக்கள் எனக்கு வந்தன.

இந்த ஊரில் நடைபாதையில் படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் பக்தர்கள். ஒவ்வொருவரையும் எழுப்பி விசாரித்தால் வேலை நடக்காது. அதனால் நானே ஒரு விதி செய்தேன். தலை மொட்டையாக இருந்தால் பக்தர், விட்டுவிடலாம். முடி இருந்தால் மட்டும் கேட்போம். கூட வந்த இருவரும் "சூப்பர் சார்" என்றார்கள். மூன்றே நாளில் முடித்துவிட்டோம்.

கடைசி நாள், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண், அறுபது வயது இருக்கும், என் பின்னாலேயே வந்தாள்.

"சாரு, எம் பேரையும் எய்திக்கினு போ. இங்கதான் மூணு வருசமா கீறேன்."

"மூணு வருஷமா? தலையில இன்னும் சந்தனம் காயல. சாமி பாத்தாச்சு இல்ல, ஊருக்குப் போம்மா."

"எந்த ஊருக்கு? நீ வந்து பஸ் ஏத்தி வுடறியா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் பெயரை எழுதவில்லை, கேட்கவும் இல்லை.

விடுதி திறந்தது. ஆண்களுக்கு மட்டும். பெண்கள் தொகை குறைவாக வந்ததால் அவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கவில்லை என்றார்கள். திறப்பு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டேன். எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

சில வாரம் கழித்து, மனைவியின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு வேண்டிக்கொண்டபடி முடி கொடுக்கப் போனேன். இலவசமாக மொட்டை போடும் இடத்தில், வெளியே குழாயடியில் தலையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈர வேட்டி, வெறும் உடம்பு. பக்கத்துக் குழாயில் அதே பெண், புதிதாக மழித்த தலையோடு.

என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு மாதிரி பரிவோடு பார்த்தாள்.

"புச்சா வந்தியா நைனா? ஊட்ல தொரத்திட்டாங்களா?"

நான் குனிந்து தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டேன்.

"நல்ல வேல செஞ்ச. முடி வளந்தா போலீஸு லத்தியால தட்டி எய்ப்பறான். மொட்டைன்னா பக்தருன்னு வுட்டுட்டுப் போய்க்கினே இருப்பான். மாசம் ஒருக்கா வந்து வழிச்சிக்கோ. இங்க காசு கேக்க மாட்டாங்க. இங்க படுக்கற பொம்பளைங்க நாங்க எல்லாம் அப்டித்தான்."

காதுகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நாங்க எல்லாம் என்றாளே. நான் தாண்டிப்போன அத்தனை தலைகளும் அப்போது கண் முன்னால் வந்தன.

அங்கிருந்து நேராகக் கணக்கெடுப்பு அலுவலகம் போனேன். என் கணக்கு தப்பு, பெண்களை விட்டுவிட்டேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் என் தலையைப் பார்த்துவிட்டு, "தரிசனம் நல்லா ஆச்சா சார்?" என்றார். பிறகு, "லிஸ்ட் குளோஸ். நெக்ஸ்ட் சர்வேல பாக்கலாம்."

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் அவளைத் தேடிப்போய், பேர் எழுத மறுத்த ஆள் நான்தான் என்றேன். மொட்டை விதியையும் சொன்னேன். அதனால்தான் பெண்களுக்கு விடுதி இல்லை என்பதையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"என்னெ மாரி எத்தினி பேர வுட்ட?"

விட்டவர்களை நான் எண்ணவில்லை. அவளிடம் அதைத்தான் சொன்னேன்.