ஊசியின் முழு நீளம்

எங்கள் பனியன் கம்பெனியின் முதல் நர்ஸைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். ஓய்வு பெற்றபோது முதலுதவி அறையில் அவர் எனக்கு விட்டுச்சென்றவை மூன்று: சக்கரம் ஆடும் ஸ்டூல், உடைந்த ஊசிகளின் பதிவேடு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவர் வரைந்து வைத்த ஊசிப் படம். தையல் மிஷின் ஊசியின் அசல் நீளம் துளியும் மாறாத படம்.

முன்பு அந்தப் பதிவேடு ஸ்டோரில் இருந்ததாம். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் அதில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். துணியோடு இரும்பு போய்விடக் கூடாது என்பதற்காக. கிடைக்காத துண்டைத் தைப்பவரின் விரலிலும் தேடச் சொன்னவர் பெரிய சிஸ்டர்தான். நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று பதிவேட்டைத் தன் மேசைக்குக் கொண்டுவந்தார்.

நான் சேர்ந்த மூன்றாம் வாரம், ஓவர்லாக் தைக்கும் பெண் விரலில் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. பின்னாலேயே சூப்பர்வைசர், உள்ளங்கையில் இரண்டு ஊசித் துண்டுகளோடு.

"ஒரு பிளாஸ்டர் போதும்க்கா. என் மிஷின்ல வேற ஆள உக்கார வச்சிருவாவ," என்றாள்.

காயத்தைக் கழுவினேன். துண்டுகளைப் படத்தின் மேல் வைத்தேன். முனை இல்லை.

"துணியிலதானுங்க இருக்கும். நீங்க கட்டுப் போடுங்க," என்று போன சூப்பர்வைசர் கால் மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே திரும்பினார். "துணி பண்டல் பூரா மெட்டல் டிடெக்டர்ல பாஸுங்க சிஸ்டர். மிஷினுக்கு அடியிலயும் காந்தம் விட்டுப் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப முனை எங்கீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. மூவரும் அவள் விரலைப் பார்த்தோம்.

"வலியே இல்லக்கா," என்றாள், சன்னமாக.

"எக்ஸ்ரே எடுக்கோணுங்க. இப்பவே."

"லோடு வண்டி வாசல்ல நிக்குதுங்க. சாயங்காலம் போனா ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க. முனை கிடைச்சு ஒட்டுற வரைக்கும் அந்த மிஷினுக்குப் புது ஊசி இல்லீங்க. யாரும் உக்கார முடியாது."

"உங்களுக்குப் பெரிய சிஸ்டரே தேவலைங்க," என்று முணுமுணுத்தபடி கம்பெனி வேனுக்குச் சொல்லப் போனார். அதற்குள் அவள் எழுந்து அறை வாசலுக்குப் போயிருந்தாள்.

மாலையில் விரலில் கட்டோடு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, ஒரு பஞ்சுக்குள் முனையும் வந்தது. படத்தில் மிச்சமிருந்த இடத்தில் வைத்தேன், சரியாக இருந்தது. ஒட்டினேன். 'எங்கே கிடைத்தது' என்ற கட்டத்தில், முந்தைய பக்கங்களில் பெரிய சிஸ்டரின் கையெழுத்தில் இருந்த அதே சொல்லை எழுதினேன்: விரல்.

புது ஊசிக்கான சீட்டை அவள் கையிலேயே கொடுத்தேன்.