பிரஷர் டேங்க்கில் நான் இறக்கிவிட்ட காற்று

பலாபத்வலயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், இருந்த வேலையை விட்டுவிட்டு அக்கா மிளகுக் கன்று நர்சரி போட்டிருக்கிறாள். குழாய்க் கிணற்று மோட்டரையும், உள்ளே அடைத்த காற்றின் அழுத்தத்தால் தண்ணீரைத் தள்ளும் பிரஷர் டேங்க்கையும் நம்பித்தான் கன்றுகள் இருக்கின்றன.

டேங்க்கில் காற்று சரியா என்று பார்க்க எனக்கு ஓர் ஆசை. தண்ணீர் அழுத்தம் இருபது பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் மோட்டர் ஓடத் தொடங்கும், ஆகவே காற்று பதினெட்டு இருக்க வேண்டும் என்று வாசித்திருந்தேன். டேங்க்கின் காற்று வால்வில் டயர் கேஜை வைத்தால் நாற்பது! காற்றை இறக்கினேன். முள் இறங்கியதும் மோட்டர் ஓடும், முள் மறுபடி ஏறிவிடும். நானும் விடாமல் இறக்கினேன்.

பிறகு மோட்டர் நொடிக்கு நொடி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. தீய்ந்த வாசம் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. உச்சி வெயிலில் கன்றுகள் தலை தொங்கின.

"ஏன்டி, டேங்க்குக்கு வைத்தியம் பாத்தியா, கொலை பண்ணுனியா?" அக்காவின் குரல் உடைந்தது. "சனிக்கிழமை கன்னு எடுக்க வர்றாங்கடி!"

அழுதபடி டேங்க்கின் அடியில் இருந்த குழாயைத் திறந்தேன். இரண்டு வாளி வந்ததோடு தண்ணீர் நின்றது. கேஜில் பூஜ்யம். அப்போதுதான் உறைத்தது: டேங்க்கில் தண்ணீர் இருக்கும்போது நான் அளந்தது மோட்டர் தள்ளிய தண்ணீரின் அழுத்தத்தை! இருந்த காற்றையெல்லாம் நானே இறக்கிவிட்டேன்; தண்ணீரைத் தாங்கக் காற்று இல்லாமல்தான் மோட்டர் ஓடி ஓடி நின்றது.

சைக்கிள் பம்பை மாட்டி வெறிபிடித்தவள்போல அடித்தேன். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் குழாயில் பீறிட்டது. அக்கா வாளியோடு ஓடினாள். டேங்க் காலியானதும் காற்றைப் பதினெட்டில் நிறுத்தினேன். சூடு ஆறிய மோட்டர் மாலையில் ஓடியது. கடைசி வரிசைக் கன்றுகள் மட்டும் பிழைக்கவில்லை.

இப்போதெல்லாம் மோட்டரை நிறுத்தி, குழாயைத் திறந்து, கடைசிச் சொட்டும் போன பிறகே அளக்கிறேன். கேஜ் மட்டும் இப்போது அக்காவின் கையில்; அவளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.