வறட்சி நிவாரணம் வாங்கியவர்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த ஒரு முதலாளியின் நிலத்தை நானும் என் வீட்டுக்காரரும் ஆறு வருஷம் குத்தகைக்கு உழுதோம். புதூர் பக்கம், நாலு ஏக்கர் கரிசல். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அந்த ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட முதலாளி செருப்பில் அந்த மண் ஒட்டி நான் பார்த்ததில்லை. ரோட்டில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "மழ எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், புரட்டாசி மழையை நம்பி உளுந்து போட்டோம். நாலு இலை விட்டதோடு மழை நின்றுபோனது. என் கம்மலை அடகு வைத்து மறுபடியும் விதை வாங்கினோம். அதுவும் கருகியது. தை பிறந்தபோது நிலம் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது.

சேதம் பார்க்க தாலுகா ஆபீஸ்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். டேப்பின் ஒரு முனையை வி.ஏ.ஓ. பிடித்தார், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான்தான் வெயிலில் நடந்தேன். 'உளுந்து, முழுச் சேதம்' என்று என் கண்முன்னால் எழுதினார்கள். நான் கொண்டுபோயிருந்த தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார்கள்.

சித்திரையில் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் நிவாரணப் பட்டியலை ஒட்டினார்கள். எங்கள் நிலத்துக்கு நேரே முதலாளி பேர் இருந்தது.

வி.ஏ.ஓ.விடம் ஓடினேன். "பட்டா யாரு பேர்ல இருக்கோ அவியளுக்குத்தாம்மா செக்கு. நீங்கதான் உழுதீங்கன்னு அவிய எழுதிக் குடுத்தா மாத்தித் தாரேன்" என்றார்.

இருவரும் பஸ் ஏறி முதலாளியைப் பார்க்கப் போனோம். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இன்னைக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு நிலமே எங்களுதும்பீங்க. எனக்குத் தெரியாதா?"

"வெதை எங்களுது அண்ணாச்சி" என்றார் என் வீட்டுக்காரர்.

"நிலம் என்னுதுல்லா? வேணும்னா உம்ம பொண்டாட்டிய இங்கன தீப்பெட்டி ஒட்ட வரச் சொல்லும். கூலி தாரேன்."

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காராமல் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தேன். அன்றைக்கு முதலாளியைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அடுத்த மாதம் தாலுகா ஆபீஸில் விவசாயிகள் குறை கேட்கும் கூட்டம் நடந்தது. நான் தனியாகப் போனேன். வேறு ஏதோ காரியமாக முதலாளியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும் எழுந்தேன்.

"ஐயா, நிவாரணம் வாங்கின நிலத்துல என்ன வெதச்சாகன்னு இவியகிட்டயே கேளுங்க."

தாசில்தார் சிரித்துக்கொண்டே முதலாளி பக்கம் திரும்பினார். "சொல்லுங்களேன் அண்ணாச்சி."

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பருத்தி" என்றார்.

நாங்கள் உளுந்து போட்டது தெரிந்த கூட்டம் சிரித்தது. தாசில்தார் ஃபைலைப் புரட்டினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போனது. ஃபைலை மூடி வைத்தார்.

"ரெக்கார்டுல பட்டா யாரு பேர்ல இருக்கோ அதத்தாம்மா நாங்க பாக்க முடியும். உக்காருங்க."

சிரித்தவர்களில் ஒருவர்கூட எனக்காக எழுந்து நிற்கவில்லை. எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

ஆடி பிறக்கும் முன்பே முதலாளி நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார். "ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த வாய்?" என்று ஊரே என்னைத்தான் ஏசியது. வீட்டுக்காரர் கயத்தாற்றில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனார். நான் அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்தேன். தீப்பெட்டி ஆபீஸ் படியை மட்டும் மிதிக்கவில்லை. பிடுங்கிய நிலத்தை அவர் யாருக்கும் கொடுக்காமல் தரிசாகப் போட்டார். ஏர் படாத அந்தத் தரிசுக்கும் அடுத்த வறட்சியில் அவர் பேருக்கே நிவாரணம் வந்தது.

சில வருஷம் கழித்து அவர் இறந்துபோனார். "ஒரு எட்டு போய் தலைகாட்டிட்டு வருவோம். செத்தவுக மேல என்ன கோவம்?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க போயிட்டு வாங்க" என்றேன். நான் போகவில்லை. போகாததற்காக இன்றுவரை வருத்தப்பட்டதும் இல்லை.