ராத்தாவின் நாடகத்தில் இல்லாத சோறு

மச்சான் திரும்பி வந்த அந்தப் பின்னேர அஸர் தொழுகை நேரம் இன்றைக்கும் என் கண்ணில் அப்படியே நிற்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சாறன்களைச் சைக்கிளில் கட்டி ஊரூராய் விற்கிற மனிதர், யாரோ ஒருவருடைய சாயம்போன சாறனை உடுத்திக்கொண்டு, சைக்கிளும் சரக்கும் இல்லாமல் வேலிக் கடப்பைத் தாண்டி முற்றத்துக்குள் வந்தார். அவர் சொறிக்கல்முனைப் பக்கம் போயிருந்தபோதுதான் தமிழ் ஊர்களுக்கும் எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் கலவரம் மூண்டு பாதை அடைபட்டது. அன்று வெளியே போனவர்களில் சிலர் வரவேயில்லை. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, மச்சானும் மௌத்தாகிவிட்டார் என்றே வீட்டில் எல்லோரும் நினைக்கத் தொடங்கியிருந்தோம்.

அவருடைய மனைவியும் என் அக்காவுமான ராத்தா ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொள்ளவில்லை, அழவுமில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம், சாப்பிட்டன். ஒரு தமிழ்ப் பொம்புள தன்ட வீட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சு, சோறும் தந்தா."

அதைக் கேட்ட பிறகுதான் ராத்தா அப்படியே நிலத்தில் குந்தினாள்.

அந்தச் சோறு அவளை விடவேயில்லை. வெளியே கூச்சல் கேட்கும்போது ஒரு அந்நியனுக்குச் சோறு போட எப்படிக் கை வந்தது? போய்ப் பார்க்கப் பாதை இல்லை. அவளுடைய பெயரைக்கூட மச்சான் கேட்டு வரவில்லை. அதனால் ராத்தா அடுப்படியில் தனியாக நின்று அந்தப் பெண்ணோடு கதைத்தாள்; அவளாகவே பதிலும் சொன்னாள். அந்தப் பேச்சே அவளுடைய முதல் நாடகமானது. மேடையில் ஒரே ஒரு அறை, நெல் மூடைகளுக்குப் பின்னால் ஒருவன். வீட்டுக்காரி அவன் முன் சோற்றுக் கோப்பையை வைக்கும்போது சபை அழும். கொழும்பிலும் அழுதார்கள். வானொலி, பரிசுகள், பாடப்புத்தகம் என்று ராத்தா பெரிய நாடகாசிரியை ஆனது அந்தக் கோப்பையிலிருந்துதான்.

சில வருடங்களுக்கு முன் அதே நாடகம் கல்முனையில் பகல் காட்சியாகப் போடப்பட்டது. முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, வயதான ஒரு பெண் தன் மகனோடு எங்களிடம் வந்தார். மச்சானைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. மச்சான் எழும்பி நின்றுவிட்டார். யார் என்று அவர் சொல்லத் தேவைப்படவில்லை. ராத்தாவின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன்.

"நாடகம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா நான் சோறு குடுக்கல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"அடுப்பு மூட்டினாப் புகை தெரியும். வீட்டுக்குள்ள ஆள் இருக்கெண்டு வந்திருவாங்க. எல்லாரும் பட்டினிதான். இவன் அப்ப கைக்குழந்தை, கத்திக் கத்தி அழுதான். எனக்குக் கை நடுங்கினதில பிள்ளையத் தூக்கவும் முடியல்ல. உங்கட மனுசன்தான் சீலை ஏணையை ஆட்டி ஆட்டி இவன உறங்க வெச்சார். இவன் அழுகைய நிப்பாட்டினதாலதான் நாங்க தப்பினம்."

ராத்தா மச்சானைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீதானே 'சாப்பிட்டீங்களா?' எண்டு கேட்டாய். இல்லையெண்டா நீ தாங்கமாட்டாய் எண்டு சொல்லிட்டன். மறுகா அது நாடகமாப் போச்சு. நான் என்னத்தச் சொல்ற?"

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். பிறகு ராத்தாவும் சிரித்தாள், கண்ணில் நீர் வழிய, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு. "அக்கா, ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பையைக் கண்டா எனக்கு வெக்கமா இருக்கும். உங்கட இடத்தில நான் இருந்தா நடுங்கித்தான் இருப்பன் எண்டு தெரியும். நீங்களும் நடுங்கினீங்களா?"

"நடுங்காம?" என்றார் அவர்.

எத்தனையோ வருடங்களாக ராத்தாவின் நெஞ்சில் இருந்த ஏதோ ஒரு பாரம் அன்று இறங்கியது. அதற்குப் பிறகு உண்மையில் வாழ்ந்த எவரைப் பற்றியும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்காமல் அவள் ஒரு வரி எழுதியதில்லை. முதல் நாடகத்தையும் திருத்தி எழுதினாள். ஒத்திகையில் இளம் நடிகை, "சோறு இல்லையெண்டா இந்த இடத்தில நான் என்ன செய்யிற?" என்று கேட்டாள்.

"ஒண்டும் செய்யாத புள்ள. நல்லாப் பயப்படு, போதும்."

இப்போது அந்த இடத்தில் யாரும் அழுவதில்லை. மேடையில் ஏணை மெல்ல ஆடுகிறது. குழந்தையின் அழுகை தேய்ந்து தேய்ந்து நிற்கிறது. அப்போது சபை முழுவதும் ஒன்றாய் மூச்சு விடுகிற சத்தம் பின்வரிசை வரை கேட்கிறது.